மரபுவழிப் புற்றுநோய் அபாயத்தை மதிப்பிட மருந்தகக் குழுவைப் பழக்குவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் பலதுறை மருந்தகத்திலும், அதனோடு சேர்ந்து இயங்கும் மருத்துவமனையின் மார்பகப் பிரிவிலுமாக எட்டுத் தாதியருக்கும் நான்கு மருத்துவர்களுக்கும் மரபுவழிப் புற்றுநோய் அபாய மதிப்பீட்டில் பயிற்சி தரப்போகிறோம். எதில் தொடங்குவது? எவ்வளவு காலம் வேண்டும்? தமிழ் பேசும் நோயாளிகளுக்காகத் தனியாக எதையாவது சொல்லித்தர வேண்டுமா?

பதில்:

முதல் வகுப்பில் மரபணுவைப் பற்றிப் பேசாதீர்கள். தாளும் பென்சிலும் கொடுத்து ஆளுக்கொரு குடும்ப மரம் வரையச் சொல்லுங்கள். வழக்கமாக இந்தப் பயிற்சி குரோமோசோம் படத்தில் தொடங்கும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள மரபணுக்களில் பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பிஆர்சிஏ2 13இல் இருக்கிறது என்று நீண்டு, கடைசியில் ஒரு கொள்குறித் தேர்வில் முடியும். எல்லோரும் தேறிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வந்து "எங்க அத்தைக்கு வயித்துல கட்டி வந்து இறந்துட்டாங்க" என்று சொல்லுவார். அந்த அத்தை யார், எந்தப் பக்கம், எத்தனை வயதில் நோய் வந்தது, எந்த உறுப்பில் வந்தது என்று கேட்க ஆள் இருக்காது. இந்த இடத்தில் விட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் எந்த ரத்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது.

வரைவதற்கு முன்னால் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி தேவையில்லை. பலதுறை மருந்தகத் தாதியின் வேலை சந்தேகப்பட்டு, சரியான இடத்துக்கு அனுப்புவது. மார்பகப் பிரிவின் மருத்துவரும் தாதியும் ஏற்கெனவே நோய் வந்தவரிடம் சோதனையைப் பற்றிப் பேசி, ஒப்புதல் வாங்கி, முடிவை விளக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோய் வராத உறவினர், தெளிவில்லாத முடிவு, குழந்தை பெறுவது பற்றிய கேள்விகள், ஒரே குடும்பத்தில் இரண்டு மரபணுக்களில் மாற்றம் போன்றவை தேசியப் புற்றுநோய் நிலையம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆகியவற்றில் இருக்கும் மரபணு ஆலோசகர்களுக்கும் மரபியல் மருத்துவர்களுக்கும் உரியவை. தன் எல்லை எங்கே முடிகிறது என்று ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எல்லை தெரியாதவர் தவறான ஆறுதல் சொல்லிவிடுவார். அது ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

இனி மரம். மூன்று தலைமுறை, இரண்டு பக்கமும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் சாய்கோடு, ஆலோசனைக்கு வந்தவருக்கு அம்புக்குறி, சொந்தத்தில் மணந்த தம்பதிக்கு இரட்டைக் கோடு. ஒவ்வொருவருக்கும் கீழே இன்றைய வயது அல்லது இறந்த வயது, நோய் இருந்தால் உறுப்பும் கண்டறிந்த வயதும். நோய் வந்தவர்களை மட்டும் வரைந்து நிறுத்திவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. 70 வயதிலும் நலமாக இருக்கும் நான்கு சித்திகளும் தகவல்தான். அவர்கள் அபாயத்தைக் குறைக்கிறார்கள். அதேபோல் அப்பா பக்கம் பெண்களே இல்லை, எல்லோரும் ஆண்கள், அல்லது பெண்கள் இளம் வயதிலேயே வேறு காரணத்தால் இறந்துவிட்டார்கள் என்றால், அந்தப் பக்கம் புற்றுநோய் இல்லை என்று எழுதக் கூடாது. அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியில்லை என்றுதான் எழுத வேண்டும். பழகியவருக்கு ஒரு மரம் 20 முதல் 30 நிமிடம். பலதுறை மருந்தகத்தில் அத்தனை நேரம் கிடைக்காது என்றால், நோயாளி வீட்டிலேயே நிரப்பி வரும் படிவத்தைக் கொடுத்துவிட்டு, வரும்போது பத்து நிமிடத்தில் சரிபாருங்கள்.

தமிழ் நோயாளிகளுக்காகத் தனியாகச் சொல்லித்தர வேண்டியது இங்கேதான் அதிகம். இதை மொழிபெயர்ப்பாளரிடம் விட்டுவிட முடியாது. நம் உறவுப் பெயர்கள் நுட்பமானவை என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ரத்த உறவா, மணவழி வந்த உறவா என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காவாகவும் இருக்கலாம், பெரியப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். சித்தியும் அப்படியே. சித்தப்பா அப்பாவின் தம்பியா, சித்தியின் கணவரா? மாமா என்பவர் அம்மாவுடன் பிறந்தவரா, அத்தையின் கணவரா, மாமனாரா? அத்தை அப்பாவுடன் பிறந்தவரா, மாமாவின் மனைவியா, மாமியாரா? அண்ணன், அக்கா என்ற சொற்கள் பெரியப்பா, சித்தி பிள்ளைகளுக்கும் வரும். இதற்கு மேல் சிங்கப்பூரில் அடுத்த வீட்டுக்காரரும் ஆன்ட்டி, அங்கிள்தான். ஆகவே உறவுப் பெயரை மட்டும் எழுதி வைக்கக் கூடாது என்பது முதல் விதி. "அவங்க உங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்களா?" "ஒரே அம்மா, ஒரே அப்பாவா?" என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு நபருக்கும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் தாதிகூட இந்த இரண்டு வரிகளைத் தமிழில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று மணம் முடித்த குடும்பங்களில் அப்பா பக்கம், அம்மா பக்கம் என்ற கோடு ஒரு தலைமுறைக்கு மேலே போனால் கலந்துவிடும். மாமியார் ரத்த உறவான அத்தையாகவே இருக்கலாம். மாமன் மகள் அல்லது அத்தை மகளை மணந்தவரின் பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் 1. அக்கா மகளை மணந்தால் அது 8இல் 1. பிஆர்சிஏ போல ஒரு பிரதி பழுதானாலே அபாயம் கூடும் ஓங்கு முறை நோய்களுக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களில்தான் இது முக்கியம். எம்யூடிஒய்எச் மரபணுவால் வரும் பெருங்குடல் கட்டிகளில் பெற்றோர் இருவரும் நலமாக இருப்பார்கள், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 25%. பிஆர்சிஏ2 இரண்டு பிரதியிலும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் ஃபேன்கோனி ரத்தசோகை வரும். எனவே இந்தக் கேள்வியைக் கூச்சத்தால் தவிர்க்கக் கூடாது. "உங்க அப்பா அம்மா சொந்தமா? கல்யாணத்துக்கு முன்னாடியே உறவா?" என்று இயல்பாகக் கேட்டால் நம்மவர்கள் இயல்பாகவே பதில் சொல்வார்கள். குரலில் விசாரணைத் தொனி வந்தால்தான் வாயை மூடிக்கொள்வார்கள்.

நோயின் பெயரும் நேரடியாக வராது. புற்றுநோய் என்ற சொல்லைப் பல குடும்பங்களில் பெரியவர்கள் சொல்வதே இல்லை. கட்டி, ஆறாத புண், 'அந்த வியாதி' என்பார்கள். "வயித்துல கட்டி" என்பது இரைப்பையா, பெருங்குடலா, கருப்பையா, சினைப்பையா, மார்பிலிருந்து கல்லீரலுக்குப் பரவியதா என்று தெரியாது. குடும்பத்தார் சொல்லும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; வயிற்றுக்குள் வந்ததைப் பற்றிச் சொல்வது அடிக்கடி தவறாகும். அதனால் ஆவணம் கேளுங்கள். உறவினர் சென்னை அடையாறு புற்றுநோய்க் கழகத்திலோ ஈப்போவிலோ ஜோகூரிலோ சிகிச்சை பெற்றிருந்தால், திசுப் பரிசோதனை அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். அறிக்கை இல்லையென்றால் என்ன அறுவை செய்தார்கள், முடி கொட்டியதா, வயிற்றில் நீர் கோத்ததா என்பன போன்ற கேள்விகள் கொஞ்சம் உதவும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, "கர்ப்பப்பை எடுத்துட்டாங்க" என்ற பதில். ரத்தப்போக்கு, நார்த்திசுக் கட்டி என்று 35, 40 வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்ட பெண்கள் தமிழ்நாட்டு உறவினர்களிடையே நிறையப் பேர். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். எடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. மார்பகப் புற்றுநோய் வராததற்கும் அதுவே ஓரளவு காரணமாக இருக்கலாம். மரத்தில் அந்த வட்டத்தின் கீழ் அறுவையையும் வயதையும் எழுதாவிட்டால், அபாயம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

மரம் வரையப் பழகிய பிறகு, மூன்றாம் வாரத்தில், யாரை அனுப்புவது என்பதைச் சொல்லித்தரலாம். வழிகாட்டி நூல்களின் முழுப் பட்டியலையும் திணிக்க வேண்டாம். கண் பட்டதும் மணி அடிக்க வேண்டியவை சிலவே. 50 வயதிலோ அதற்கு முன்னோ வந்த மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் மும்மறை வகை (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத) மார்பகப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பையின் மேற்படலப் புற்றுநோய், கணையப் புற்றுநோய், பரவிய புராஸ்டேட் புற்றுநோய், 50க்கு முன் பெருங்குடல் அல்லது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், ஒருவருக்கே இரண்டு தனித்தனிப் புற்றுநோய்கள், ஒரே பக்கத்தில் தொடர்புள்ள புற்றுநோய்கள் பலருக்கு. சினைப்பை என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே, வயது எதுவானாலும், குடும்பத்தில் வேறு யாருமே இல்லாவிட்டாலும், அனுப்ப வேண்டும் என்பதை மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். தவறவிடப்படுவது பெரும்பாலும் இதுதான். மற்றபடி புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடுதான் ஒரே மரபணுவால் வழிவழியாக வருபவை. 74 வயதில் ஒரு பாட்டிக்கு வந்த மார்பகப் புற்றுநோய்க்காக முழுக் குடும்பத்தையும் பதற வைக்கக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதி.

பயிற்சிக்கென்று குடும்பங்களை நீங்களே உருவாக்குங்கள். நல்ல பயிற்சிக் குடும்பம் ஒரே ஒரு பொறியை மட்டும் வைத்திருக்கும். உதாரணமாக: 38 வயதுப் பெண், நலம். அம்மா பக்கம் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஒரே அக்கா, 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அப்பாவின் தம்பிகள் மூவரும் நலம். முதல் தடவை பார்ப்பவர்களில் பலர் "அம்மா பக்கம் சுத்தமாக இருக்கிறது, அபாயம் குறைவு" என்று எழுதுவார்கள். பிஆர்சிஏ மாற்றம் அப்பாவிடமிருந்து வரும் வாய்ப்பும் அம்மாவிடமிருந்து வரும் வாய்ப்பும் ஒன்றே. ஆண்கள் வழியாக வரும்போது நோயாக வெளிப்படுவது குறைவு. 'ஒரு தலைமுறை விட்டு வரும்' என்று நம் வீடுகளில் சொல்வது இதிலிருந்து பிறந்த எண்ணம்தான். இதே குடும்பத்தை, மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் கெயில் மாதிரி என்னும் பழைய கணக்கீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது பெற்றெடுத்தவர், உடன்பிறந்தவர், பெற்ற பிள்ளை என்ற முதல்நிலைப் பெண் உறவினரின் மார்பகப் புற்றுநோயை மட்டுமே கணக்கில் எடுக்கும். அத்தை அதற்குக் கண்ணுக்கே தெரியமாட்டார். பிறகு அதே மரத்தை டைரர்-கியூசிக் மாதிரியிலும், கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பொடிசியா மாதிரி இயங்கும் கேன்ரிஸ்க் தளத்திலும் போட்டு, மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாதிரிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு பயிற்சி அதிகம் கற்றுத்தரும். இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளித் தரவில் பிறந்தவை என்பதால், நம் ஊர்ப் பெண்ணுக்கு வரும் எண்ணை ஒரு மதிப்பீடு என்று மட்டுமே சொல்ல வேண்டும்.

இரண்டாவது குடும்பத்துக்கு, பெருங்குடல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களை வழிவழியாகக் கொண்டுவரும் லிஞ்ச் நோய்க்குறி. 46 வயது ஆண், பெருங்குடல் புற்றுநோய், திசுச் சோதனையில், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இரண்டும் காணோம். "லிஞ்ச்தான்" என்று கை உயரும். அவசரப்படக் கூடாது. எம்எல்எச்1 இழப்பு மரபுவழி இல்லாமலும், அந்த மரபணுவின் முன்பகுதி மெத்தில் என்னும் வேதிக் குறி ஏறி மூடிக்கொள்வதாலும் வரும். பெருங்குடல் கட்டியில் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றத்தையோ மெத்தில் ஏற்றத்தையோ முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் லிஞ்ச் வாய்ப்பு மிகக் குறைவு. கருப்பை உட்சுவரில் பிராஃப் உதவாது, மெத்தில் சோதனைதான். அதே வேலையைச் செய்யும் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 புரதங்களின் இழப்பு என்றால் நேராக மரபுவழிச் சோதனைக்குப் போகலாம். மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, ஒருவர் 50க்குள் என்ற ஆம்ஸ்டர்டாம் விதியைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அது சிறிய குடும்பங்களை விட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் சிங்கப்பூர்க் குடும்பத்தில் மூன்று நோயாளிகளுக்கு எங்கே போவது?

சோதனைக்கு முந்தைய பேச்சுக்கு வருவோம். யாரைச் சோதிப்பது என்பதுதான் முதல் கேள்வி. வந்திருப்பவர் நலமாக இருக்கும் மகள். நோய் வந்த அம்மா உயிரோடு இருக்கிறார் என்றால் அம்மாவைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டு மகளிடம் அது இல்லையென்றால் அது உண்மையான 'இல்லை'. அந்தக் குடும்ப அபாயம் மகளுக்கு இல்லை, பொது அபாயம் மட்டும் உண்டு. அம்மாவைச் சோதிக்காமல் மகளிடம் எதுவும் தெரியவில்லை என்றால், அதற்குப் பெரிய பொருள் கிடையாது. குடும்பத்தில் இருக்கும் காரணம் இவரிடம் இல்லையா, அல்லது இந்தச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத காரணமா என்று பிரிக்க முடியாது. இந்த இரண்டு 'இல்லை'களையும் குழப்பிக்கொள்வது தீங்கு விளைவிக்கும் தவறு. நோயாளிகள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

மாதிரி எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை: ஊதா மூடிக் குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம், அல்லது உமிழ்நீர். ஆனால் நோயாளிக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தாலோ, வேறொருவரின் எலும்பு மஜ்ஜை பெற்றிருந்தாலோ, ரத்தமும் உமிழ்நீரும் கூடாது. உமிழ்நீரிலும் வெள்ளணுக்கள் உண்டு. மஜ்ஜை கொடுத்தவரின் டிஎன்ஏவைச் சோதித்துக்கொண்டிருப்போம். தோலிலிருந்து வளர்த்த செல்கள் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் அச்சிட்டுவிடுங்கள். வயதானவர், வேதிச்சிகிச்சை பெற்றவர் ரத்தத்தில் டிபி53 மரபணு மாற்றம் குறைந்த விகிதத்தில் தெரிந்தால், அது பிறவியிலேயே வந்ததா, ரத்த அணுக்களில் மட்டும் பிறகு தோன்றியதா என்று பார்க்காமல் லி-ஃபிராமெனி (இளம் வயதிலேயே பலவகைப் புற்றுநோய் வரும் மரபுவழி நோய்க்குறி) என்று சொல்லிவிடக் கூடாது. கட்டியை மட்டும் சோதித்த அறிக்கையும் மரபுவழிச் சோதனைக்கு ஈடாகாது. கட்டியில் பிஆர்சிஏ மாற்றம் தெரிந்தால் ரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். கட்டி அறிக்கையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக மரபுவழிச் சோதனையைக் கைவிடக் கூடாது.

ஐந்தாம், ஆறாம் வாரம் முழுவதும் முடிவை விளக்கும் பேச்சுக்கு ஒதுக்குங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்களை அறைக்குள் தடை செய்யலாம். "பாசிட்டிவ்னா நல்லதுதானே?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. "நோயை உண்டாக்கக்கூடிய மாற்றம் இருக்கிறது", "அப்படி எதுவும் தெரியவில்லை", "ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். குறை, கோளாறு, பிழை என்ற சொற்களைவிட மாற்றம் என்ற சொல் நல்லது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் 'பரம்பரைக் குறை' என்ற சொல் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

மூன்றாவது வாக்கியம்தான் மிகக் கடினமானது. 2015இல் வந்த அமெரிக்க மரபியல் கல்லூரியின் முறைப்படி மாறுபாடுகள் ஐந்து வகையாகப் பிரிக்கப்படும். நடுவில் இருப்பது பொருள் தெளிவாகாதது. அதை வைத்து மார்பை எடுப்பது, சினைப்பையை எடுப்பது, உறவினரைச் சோதிப்பது எதுவும் கூடாது. குடும்ப வரலாறு என்ன சொல்கிறதோ அதன்படி மட்டுமே கண்காணிப்பு. இப்படிப்பட்ட முடிவு இந்தியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரிடம் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அதிகம் வருகிறது. காரணம் நம் மரபணுவில் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்க்க நம்மைப் போன்றவர்களின் வரிசைகள் குறைவு. 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணு வரிசையை 2019இல் வெளியிட்ட எஸ்ஜி10கே ஆய்வும், 1,00,000 பேரை இலக்காகக் கொண்ட அடுத்த கட்டமும் இந்த இடைவெளியைத்தான் குறைக்கப் பார்க்கின்றன. நம்மிடம் திரும்பத் திரும்பத் தெரியும் மாற்றங்களும் உண்டு. யூதர்களின் மாற்றம் என்று பாடநூல்கள் சொல்லும் பிஆர்சிஏ1 185டெல்ஏஜி இந்தியக் குடும்பங்களிலும் அடிக்கடி வருகிறது.

எண்களைச் சொல்லும் விதத்துக்குப் பயிற்சி வேண்டும். 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூறில் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரும். பிஆர்சிஏ2இல் அது 69, 17. விழுக்காடு என்று சொல்லாமல் "உங்களைப் போல நூறு பெண்கள் இருந்தால்" என்று தொடங்குங்கள். வயதைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லவே கூடாது. 30 வயதுப் பெண் 72 என்பதை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு 50% என்பதை விளக்கும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுவது போல என்று சொல்லி, உடனே "அப்போ எனக்கு ரெண்டு பிள்ளை, ஒருத்தருக்கு இருக்கும், அப்படித்தானே?" என்று பயிற்சியாளரே நோயாளியாக மாறிக் கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து என்ன செய்வது என்பதில் தாதியருக்கு வேண்டியது சிறிய அட்டவணைதான். பிஆர்சிஏ மாற்றத்துக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, 30இலிருந்து மேமோகிராமும் சேர்த்து. குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பை, கருக்குழாய் அகற்றுதல், பிஆர்சிஏ1க்கு 35–40, பிஆர்சிஏ2க்கு 40–45 வயதில். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 20–25 வயதிலிருந்து ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை. பொதுப் பரிசோதனைத் திட்டம் 50 வயதிலிருந்து ஈராண்டுக்கொரு மேமோகிராம் என்கிறது. அந்தக் கணக்கை இவர்களுக்குப் பொருத்திவிடுவது பலதுறை மருந்தகத்தில் நடக்கக்கூடிய தவறு என்பதால், இரண்டையும் ஒரே தாளில் அருகருகே அச்சிடுங்கள்.

காப்புறுதியைப் பற்றி நோயாளி கட்டாயம் கேட்பார், அதுவும் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்த உடன்பாடு அக்டோபர் 2021இல் நடப்புக்கு வந்தது. காப்புறுதி நிறுவனம் யாரையும் மரபணுச் சோதனை செய்யச் சொல்ல முடியாது. நோய் வராதவரின் முன்கணிப்புச் சோதனை முடிவையும் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. 2021 பதிப்பின்படி, மார்பகப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ சோதனை முடிவைக் கேட்க முடிந்தது, கடுநோய்க் காப்புறுதித் தொகை 500,000 வெள்ளியைத் தாண்டும்போது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவரின் நோய் வரலாற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. விதிகள் திருத்தப்படுபவை, ஒவ்வொரு முறை வகுப்பு எடுக்கும் முன்பும் சங்கத்தின் நடப்புப் பதிப்பை எடுத்து வையுங்கள். தாதி காப்புறுதி ஆலோசனை சொல்லத் தேவையில்லை, ஆனால் "தெரியாது, பிரச்சினை வராது" என்று சமாளிக்கக் கூடாது.

ஒருவரிடம் மாற்றம் தெரிந்ததும் உறவினருக்குச் சொல்வது அவருடைய உரிமையும் சுமையும். அவர் ஒப்புதல் இல்லாமல் நீங்கள் அவருடைய அண்ணனைக் கூப்பிட முடியாது. கையில் ஒரு குடும்பக் கடிதம் கொடுங்கள், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆங்கிலக் கடிதத்தில் மரபணு, மாறுபாட்டின் முழுப் பெயர், ஆய்வுக்கூடம், அறிக்கை எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மதுரையிலோ கிள்ளானிலோ இருக்கும் தங்கை அதைக் காட்டினால்தான் அங்குள்ள ஆய்வுக்கூடம் அந்த ஓர் இடத்தை மட்டும் சோதிக்கும். இல்லாவிட்டால் முழு மரபணுப் பட்டியலையும் சோதிக்கப் பணம் கட்ட நேரிடும். தமிழ்க் கடிதம் அரைப்பக்கம் போதும், பேச்சுத்தமிழுக்கு நெருக்கமாக. பெரியவர் ஒருவர்தான் முடிவெடுப்பார் என்ற குடும்பமாக இருந்தால், நோயாளி விரும்பினால், அந்தப் பெரியவரையும் அடுத்த சந்திப்புக்கு வரச் சொல்லுங்கள். ஆனால் சோதனை வேண்டுமா என்ற கேள்வியை அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். வயது வராத பிள்ளைகளுக்கு, பெரியவர்களானபின் வரும் நோய்களுக்கான சோதனை செய்வதில்லை. எஃப்ஏபி (பெருங்குடலில் ஏராளமான கட்டிகள் தோன்றும் மரபுவழி நோய்), லி-ஃபிராமெனி போல் சிறு வயதிலேயே கண்காணிப்பு தேவைப்படுபவை விதிவிலக்கு.

காலம் என்று கேட்டால், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு 90 நிமிடம், கூடவே இரண்டு அரைநாள் பேச்சுப் பயிற்சி. இதற்குக் குறைந்தால் மரம் மட்டும் தேறும், பேச்சு தேறாது. கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் நிலையம் பல்துறையினருக்கு நடத்திவரும் பயிற்சி, தொலைவழிப் பாடம், நேரடி வகுப்பு, அதன்பின் தொடரும் நோயாளிக் கலந்தாய்வு என்ற மூன்று அடுக்கில் இருக்கிறது. மூன்றாவது அடுக்கைத்தான் எல்லோரும் செலவைக் காட்டி வெட்டுவார்கள். வெட்டக் கூடாதது அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு மரபணு ஆலோசகர் இணையவழி உட்கார்ந்தால் போதும், ஒவ்வொருவரும் தன் நோயாளி ஒருவரின் மரத்தைக் கொண்டுவர வேண்டும். தேர்ச்சிக்கு ஆளுக்கு 20 மரங்கள், அவற்றில் ஐந்தை மூத்தவர் ஒருவர் அருகில் இருந்து பார்த்திருக்க வேண்டும். மதிப்பெண் மூன்று இடத்தில்: ரத்த உறவா என்று உறுதிசெய்தாரா, கண்டறிந்த வயதை எழுதினாரா, தெரியாததைத் தெரியாது என்று எழுதினாரா. கொள்குறித் தேர்வு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து யாரையும் நோயாளி முன் உட்கார வைக்காதீர்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு பதிவேடு திறந்துவிடுங்கள். பொருள் தெளிவாகாத மாறுபாடு வந்த ஒவ்வொருவரின் பெயர், மாறுபாடு, தேதி, அடுத்த சரிபார்ப்பு மாதம். ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வுக்கூடத்திடமும், மரபணு மாறுபாடுகளைத் தொகுக்கும் கிளின்வார் என்னும் பொதுத் தரவுத்தளத்திலும் வகை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே மாறும், சில வேறுவிதமாகவும் மாறும். இந்தப் பதிவேடு ஒரு தாதியின் கணினியில் மட்டும் இருந்தால் அவர் வேறு பிரிவுக்கு மாறும் நாளில் அது நின்றுவிடும். எனவே அது பதவியோடு சேர்ந்ததாக, இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். நோயாளியிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தொலைபேசி எண் மாறினால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், குடும்பத்தில் புதிதாக யாருக்காவது நோய் வந்தால் அன்றே கூப்பிடுங்கள், மரத்தைத் திருத்தி வரைய வேண்டும்.